அப்பா இல்ல

பக்திச் சுற்று என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். நூற்றாண்டுகளாக அடியார் நாவில் கனிந்த பாசுரத்தை விளம்பர இடைவேளைக்கு ஏற்ப நறுக்கி, மிஞ்சிய துண்டின்மேல் புகையைப் பீய்ச்சுவதே அத்தொலைக்காட்சியின் பக்தி.

பாடி நின்றவள் சுகப்பிரியா. கரிசல் காட்டிலிருந்து பெற்றோருடன் வந்து, இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலை ஒன்றில் கைப்பேசிப் பாகங்களைப் பூட்டும் பெண்.

"அப்பா வந்திருக்காராம்மா?" என்று தொகுப்பாளர் கேட்டார்.

"அப்பா இல்ல சார்."

வரவில்லை என்பதே பொருள். தந்தை பிச்சையா அந்நேரம் சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்து வாசலில், ஷேர் ஆட்டோவில் ஒரகடத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். கடையில் உப்பு இல்லை என்கிறோமே, அந்த இல்லைதான் அது. தமிழில் பிழைத்தும் தமிழறியாத அக்கூட்டத்துக்கோ அச்சொல்லில் ஒரு பிணம் தென்பட்டது. வயலின் விம்மிற்று. நடுவர் அம்மையார் மை கலையாதவாறு கண்ணோரத்தை ஒற்றி, "தெய்வீகக் குரல்" என்றார். அவள் வாய் திறக்குமுன் ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டார்கள். அவ்வாரக் குறுஞ்செய்தி வாக்குகளில் அவளே முதல்வி. இன்னும் ஒரு சுற்று தாண்டினால் இறுதிப் போட்டி; அவள் கனவெல்லாம் அதுதான்.

மறுவாரம் நிகழ்ச்சிக் குழுவின் பலராமன் பிளாஸ்டிக் மாலையோடு வாடகை அறைக்கு வந்தார். கதவைத் திறந்தவர் பிச்சையா.

"அப்பா போட்டோ ஒண்ணு வேணும்ணே, மாலை போட்டு எடுக்கணும். நீங்க பாப்பாவுக்கு இன்னா உறவு?"

"அந்தப் போட்டோவே நாந்தாய்யா."

பலராமன் நாணவில்லை, கணக்கிட்டார். "பரவால்லண்ணே. ஜனம் அழுதுச்சு, ஓட்டு போட்டுச்சு. இப்ப நீ உசுரோட கீறன்னு சொன்னா பாப்பாதான் வெளிய போவும். ஃபைனல் வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்க." பின்னர் தாய் தங்கமாரியை நோக்கி, "அக்கா, நீங்க அந்த நெத்திப் பொட்ட மட்டும்..." என்று இழுத்தார்.

"முழுசாச் சொல்லுய்யா," என்றாள் தங்கமாரி. "சொல்லிட்டு நடந்து வெளிய போறியான்னு பாப்போம்."

அவர் நடந்தே வெளியேறினார், வாக்கியத்தை முடிக்காததால்.

பிச்சையா மகளருகே குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, பைனலு நெசமாவே வருமா? வரும்னா கொஞ்ச நாளு செத்துத்தான் இருக்கேன்."



அடுத்த படப்பிடிப்பில் தொகுப்பாளர் குரலைக் குழைத்தார். "அப்பா இன்னைக்கு இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

"எங்கப்பா இருக்காரு சார்."

தொகுப்பாளர் கூரையை நோக்கிக் கை நீட்டினார். "ஆமாம்மா. மேலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்காரு."

அரங்கம் எழுந்து கைதட்டிற்று.

"மேல இல்ல சார். ஆட்டோ ஸ்டாண்டுல இருக்காரு. காலைலகூட எங்கம்மாட்ட ஏச்சு வாங்குனாரு."

கைதட்டல் அறுந்தது. தெய்வீகக் குரலில் முதல் வாரத்திலிருந்தே சுருதி விலகியிருந்ததை நடுவர் அம்மையார் அப்போதுதான் கண்டுபிடித்தார். சுகப்பிரியா அன்றே வெளியேற்றப்பட்டாள்.

ஒளிபரப்பில் "இருக்காரு சார்" வந்தது. கூரை நோக்கிய கை வந்தது. ஆட்டோ ஸ்டாண்டு வரவில்லை. நிகழ்ச்சி முடிவதற்குள் ஊரிலிருந்து பிச்சையாவின் தங்கை செல்வலட்சுமி கைப்பேசியில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள்.

"எங்கண்ணே, சொல்லாமப் போயிட்டியே..."

பிச்சையா சோற்றுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ அழுது முடி தாயி," என்றார். "நான் சாப்பிட்டுட்டுப் பேசுதேன்."