தப்புக்கு மூன்று பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்பது வியாழக்கிழமை பள்ளி விடும் நேரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. எகிப்தில் வெள்ளியும் சனியும்தான் பள்ளி விடுமுறை. என் ஒன்றாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுக் கணக்கு நோட்டுகளும் அட்டையில் இருந்த பெயரைத் தவிர வெள்ளையாகவே இருந்தன.

தலைமையாசிரியை இன்ஷிராஹ் மேடம் நாலு நோட்டுகளைப் புரட்டிவிட்டு மேசைமேல் போட்டார்.

"என்னம்மா ஸவ்ஸன், ஆறு வாரமா என்ன பண்ணினே? விறகு பொறுக்கினியா?"

"கூட்டல் நடத்தினேன் மேடம். கட்டையை வெச்சு."

"அந்தச் சத்தம்தான் என் ரூம் வரைக்கும் கேக்குதே!"

எங்கள் தும்யாத் ஊரில் எந்தச் சந்துக்குள் போனாலும் நாற்காலி, கட்டில் செய்யும் பட்டறைகள்தான். அறுத்து மிஞ்சிய துண்டுகளை ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்தேன். சிராய் குத்தாமல் இருக்க ஒரு பிள்ளையின் அப்பா அத்தனையையும் தேய்த்துக் கொடுத்தார். இந்தக் கையில் நாலு, அந்தக் கையில் மூன்று, இரண்டையும் மடியில் கொட்டு, வரிசையாக வை, எண்ணு. ஆறு வாரமும் நாங்கள் தரையில்தான் உட்கார்ந்திருந்தோம்.

நவ்வாரா என்ற பெண் மூன்றாவது வாரமே எண்ணுவதைப் பாதி நிறுத்திவிட்டாள். நாலு கட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு மற்ற மூன்றை மட்டும் தொட்டு, "அஞ்சு, ஆறு, ஏழு" என்றாள். முதல் நாலை ஏன் எண்ணவில்லை என்று கேட்டேன். "அது கைக்குள்ளதானே மிஸ் இருக்கு, எங்க போயிடும்?" என்றாள். இதை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

"கூப்பிட்டுக் கேளுங்க மேடம், எல்லாரும் சொல்லுவாங்க."

"அவரு பிள்ளைங்களை எங்க கேக்கப்போறாரு? நோட்டைப் பாப்பாரு. தேதி இருக்கா, சிவப்பு மை இருக்கா, அவ்வளவுதான். டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பிடுவாரு. கதவைச் சாத்து. இடது கையால எழுது, அப்பத்தான் ஆறு வயசுப் பிள்ளை எழுதின மாதிரி வரும்."

எழுதினோம். இன்ஷிராஹ் மேடத்தின் இடது கைக்கு இருபது வருடப் பழக்கம். அழகாகக் கோணிக்கொண்டு வந்தது. பாதி நோட்டு அவர், பாதி நான். பத்துப் பன்னிரண்டு முடிந்ததும் அவர் பேனாவை வைத்தார்.

"எல்லாமே சரியா இருந்தா நம்பமாட்டாரு. மூணு பேராவது தப்பு எழுதணும்."

"யாரு?"

வருகைப் பதிவேட்டில் விரலை ஓட்டினார். டாக்டரின் பேரனைத் தாண்டியது. பட்டறை முதலாளியின் மகளைத் தாண்டியது. "இவ அப்பன் வந்து என் நாற்காலியையே தூக்கி அடிப்பான்." விரல் கீழே போய் நின்றது. "நவ்வாரா. அம்மாக்காரி மீன் சந்தையில கிடக்கா. எழுத்தே தெரியாது. வரமாட்டா." அதேபோல இன்னும் இரண்டு பெயர்களில் விரல் நின்றது.

நான் மறுத்துப் பேசவில்லை. காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது, தெளிவாக விழுந்தது. பசித்தது, வீட்டுக்குப் போகவேண்டும், வெறும் நோட்டுதானே என்று நினைத்தேன். அவள் நோட்டை எடுத்து நாலும் மூன்றும் எட்டு என்று எழுதினேன். ஒரு கட்டையை இரண்டு தடவை எண்ணும் பிள்ளைக்கு எட்டுதான் வரும். அப்படி எண்ணிய பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்தவள் நான். எந்தத் தப்பு உண்மையைப்போல இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தேர்ச்சியில் எனக்கு ஒரு நொடி பெருமைகூட வந்தது. இதை எழுதும்போது என் முகம் எரிகிறது.

ஞாயிறு காலை ஆய்வாளர் உஸ்தாத் பஹ்கத் என் வகுப்புக்கு வந்தார். நோட்டுகளைப் புரட்டினார், டீ குடித்தார். எழுந்து போயிருக்கவேண்டியவர், பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். கூட்டல் வராத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் இந்த வருடம் முதல் தனிப் பிரிவில் போடவேண்டுமாம். அந்தப் பிரிவு பின்கட்டடத்தில் ஏற்கெனவே இரண்டாம் வகுப்புக்கு இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கழுதை வகுப்பு என்பார்கள். மாதத்துக்கு ஒரு டீச்சர் மாறுவார். அங்கே போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

தப்பு இருந்த நோட்டுகளைப் பார்த்து அவர் மூன்று பெயர்களை எழுதிக்கொண்டார். "நாளையிலேருந்து இவங்க அங்க உக்காரட்டும்." நான் இன்ஷிராஹ் மேடத்தைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நவ்வாரா யாரு?"

அவள் எழுந்தாள்.

"ஏம்மா, நாலும் மூணும் எட்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எட்டா? யாரு சார் சொன்னா?"

"உன் நோட்டு சொல்லுது."

வந்து எட்டிப் பார்த்தாள். அட்டையில் தன் பெயரைப் பார்த்தாள், திரும்பவும் பக்கத்தைப் பார்த்தாள். "இது நான் எழுதினது இல்ல."

"பொய் சொல்லாதடீ!" என்றார் இன்ஷிராஹ் மேடம்.

"நாங்க நோட்டுல எழுதவே இல்லையே மேடம். கட்டையிலதானே போட்டோம்?" சட்டைப் பையிலிருந்து கட்டைகளை எடுத்து நாலை மூடிக்கொண்டாள். மற்றதை ஆய்வாளரின் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். "அஞ்சு, ஆறு, ஏழு. எண்ணிப் பாருங்க."

"தப்பும் பண்ணிட்டு வாய் வேற. மீன்காரி பொண்ணுதானே, சந்தைன்னு நினைச்சுட்டா," என்றார் இன்ஷிராஹ் மேடம்.

நவ்வாரா என் பக்கம் திரும்பினாள். "மிஸ், நீங்க சொல்லுங்க."

அவளுக்கு என்மேல் துளி சந்தேகமும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு வயதுப் பிள்ளை சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு பெரியவர் அவளைப் பொய்க்காரி என்கிறார். இன்னொருவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது ஆள் சும்மா நிற்கிறாள். அந்த மூன்றாவது ஆள் நான்.

"அந்த எட்டை எழுதினது நான்தான்," என்றேன். "முப்பத்தெட்டு நோட்டுல பாதி நான், பாதி மேடம்."

ஆய்வாளர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"இதை ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க? எல்லா ஸ்கூல்லயும் எழுதறாங்க. யாராவது வாயைத் திறக்கறாங்களா?"

அவருக்குத் தெரியும். வேலைக்கு வந்த நாளிலிருந்து தெரியும். தெரிந்தேதான் பெயர் எழுதினார்.

"டீச்சருங்க எழுதினதுன்னு தெரியும்னா, இந்த மூணு பேரைக் கழுதை வகுப்புக்கு எதை வெச்சு அனுப்பறீங்க?"

"குரலைத் தாழ்த்திப் பேசுங்க. பேரை அடிச்சா ஏன் அடிச்சேன்னு நான் காரணம் காட்டணும். காட்டினா உங்க பேரு வரும்."

"வரட்டும்."

"ஸவ்ஸன், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" இன்ஷிராஹ் மேடம் என் முழங்கையைப் பிடித்தார். "ஒரு குட்டிக்காக எல்லார் சோத்துலயும் மண்ணள்ளிப் போடறியே!"

"மூணு பேரு மேடம். நீங்கதான் விரல் வெச்சீங்க."

ஆய்வாளர் ஒரு தாளை நீட்டினார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, நோட்டில் இருப்பது பிள்ளைகள் எழுதியது இல்லை என்று நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று பெயர்களையும் அவர் அடிக்கும்வரை தாளை விடவில்லை. விசாரணை வரும் என்றார். கட்டையை வைத்துக் கூட்டல் நடத்துவதை இன்றோடு நிறுத்தவேண்டும் என்றார். போகும்போது கதவைச் சாத்தாமலே போனார். இன்ஷிராஹ் மேடம் அவர் பின்னால் ஓடினார்.

இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். நவ்வாரா மட்டும் நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், ஏன் என் நோட்டுல?"

பொய் சொல்லியிருக்கலாம். கைக்கு வந்த நோட்டு அதுதான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"உனக்காக வந்து கேக்க யாரும் இல்லைன்னு நினைச்சோம்," என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முதலில் பார்வையை எடுத்தேன்.

"வேற யாரு நோட்டுல எழுதினீங்க?"

இரண்டு பெயர்களைச் சொன்னேன். அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து அந்த இரண்டு நோட்டுகளையும் தேடி எடுத்துத் தன்னுடையதோடு சேர்த்துக்கொண்டாள். முற்றத்தில் போய் நின்று, தொண்டை கிழியும்படி அந்த இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.