எந்தப் பக்கம் சிரிப்பது?

எருத்தேன்பதியில் சிவப்பிரகாஷுக்குத் தென்னந்தோப்பு இருந்தது, கறவை மாடுகள் இருந்தன, பால் சொசைட்டியில் நல்ல பேரும் இருந்தது. சொந்த வீட்டில் வாய்விட்டுச் சிரிக்கத்தான் வழியில்லை.

காரணம், தினமும் சாயங்காலம் டிவியில் வரும் 'ரெண்டு சமையக்கட்டு'. ஒரே வீட்டில் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டு முட்டிமோதும் மாமியார் அகிலாண்டம், மருமகள் சுப்ரியா இருவரையும் பற்றிய சிரிப்பு நாடகம். சிவப்பிரகாஷின் அம்மா ஜானகியம்மாளும் மனைவி வனிதாவும் ஒருநாள்கூட விடமாட்டார்கள். உட்காருவது ஒரே சோபாவில்தான். சிரிக்கும் இடம்தான் வேறு. சுப்ரியா வைத்த ரசத்தை அகிலாண்டம் வாழைக்கு ஊற்றினால் ஜானகியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்தே கண்ணில் நீர் வரும். அகிலாண்டத்தின் பல்செட்டை சுப்ரியா ஊறுகாய் ஜாடிக்குள் போட்டால் வனிதா சோபாவே குலுங்கச் சிரிப்பாள்.

"பாவம் அந்தப் பொம்பள. ஊட்டைக் கட்டிக் காப்பாத்துறவளைக் கோமாளி ஆக்கறானுக" என்பார் ஜானகியம்மாள்.

"ஏனுங்கத்தை, அந்த ஊட்டுக்கு வில்லியே அவங்கதானுங்க" என்பாள் வனிதா.

சிவப்பிரகாஷ் எங்கே சிரிக்கிறான் என்பதை இரண்டு பேரும் நாடகத்தைவிடக் கவனமாகப் பார்த்தார்கள். ஒருமுறை பல்செட்டுக்குச் சிரித்துத் தொலைத்தான்.

"சிரி சாமி, நல்லாச் சிரி. நாளைக்கு என்ற பல்லையும் ஊறுகாய்க்குள்ள போடுவீங்க" என்ற அம்மா, அதற்கப்புறம் அவனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. அதைச் சரிக்கட்ட அடுத்த வாரம் ரசத்துக்குச் சிரித்தான். அன்றைக்குத் தட்டில் வெறும் சோறு வந்தது.

"ரசம் எங்க?"

"வாழைக்கு ஊத்தீட்டனுங்க" என்றாள் வனிதா.

அப்பா குப்பண்ணன் மட்டும் எந்த வம்பிலும் மாட்டாமல் டிவி முன்னால் தூங்கிக்கொண்டிருப்பார். சிவப்பிரகாஷ் அவரிடம் போய் யோசனை கேட்டான்.

"நானெங்கடா தூங்கறேன்? விளம்பரத்துக்கு மட்டும் கண்ணைத் தொறப்பேன், அவ்வளவுதான்" என்றார் அவர்.

அன்றிலிருந்து சிவப்பிரகாஷும் சோப்புத்தூள் விளம்பரத்துக்கு மட்டும் சிரிக்கப் பழகினான்.

அப்படி நாட்கள் ஓடிக்கொண்டிருக்க, காசிக்குப் போயிருந்த அகிலாண்டம் ஒரு திங்கட்கிழமை வீடு திரும்பினாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது வேறொரு நடிகை! 'அகிலாண்டமாக இனி இவர்' என்று கீழே எழுத்து ஓடியது.

"இவ எவ?" என்றார் ஜானகியம்மாள்.

வனிதா எழுந்தே நின்றுவிட்டாள். "நம்ம அகிலாண்டத்தை என்னங்கத்தை பண்ணிப்போட்டானுக?"

"மொறைக்கத் தெரியுதா பாரு இவளுக்கு?"

"அவங்க மொறைச்சா நமக்கே வயித்தைக் கலக்குமுங்க. இது ஒறம்பரைக்கு வந்த விருந்தாளியாட்டக் கூச்சப்பட்டுல்ல நிக்குது!"

"இனி சுப்ரியா ஆருகூடச் சண்டை போடுவா? பாவம் அந்தப் புள்ளை" என்று ஜானகியம்மாள் பெருமூச்சு விட்டார்.

சிவப்பிரகாஷ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அம்மாவும் மனைவியும் ஒரே பக்கம் நிற்பதை இப்போதுதான் பார்க்கிறான். மனசு குளிர்ந்துபோய் எச்சரிக்கையைக் கைவிட்டான். திரையில் புது அகிலாண்டம் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தாள். வீடே அதிரச் சிரித்தான்.

"இந்தம்மாளும் பரவால்லீங்களே!"

இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"உனக்கு என்னடா தெரியும்?" என்றார் அம்மா.

"அவருக்கு ஆரு வந்தாலும் ஒண்ணுதானுங்கத்தை" என்றாள் வனிதா.

குப்பண்ணன் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

சிவப்பிரகாஷ் மாட்டுக்குத் தீனி வைக்கும் சாக்கில் தொழுவத்துக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. உள்ளே, சேனலுக்குப் போன் போட்டு என்னென்ன கேட்பது என்று ஜானகியம்மாள் சொல்லிக்கொடுக்க, வனிதா அதைப் பழைய அகிலாண்டத்தின் குரலில் பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. தான் உள்ளே போனால் அது நின்றுவிடுமோ என்று, சிவப்பிரகாஷ் காலி வாளியோடு வாசலிலேயே நின்றான்.