டிக் இருந்தால் ஏறு

மூன்றாம் தடவை எண்ணியபோதும் பதினொரு மாத்திரைகள் மிச்சம் இருந்தன. மகள் அவற்றைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். அவளே அட்டையில் கோடு போட்டுக் காந்தத்தால் ஒட்டிய அட்டவணை. நேற்று முன்தினம் வரை எல்லாக் கட்டத்திலும் டிக்.

கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். வண்டி பத்து மணிக்கு வரும். இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"என்ன சிஐடி, இன்னைக்குமா விசாரணை?" அம்மாவின் தம்பி எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மாமா, போங்க. டீ கொண்டு வரேன்."

ஒரு மாதமாகவே அம்மாவின் அமைதி அவளை உறுத்திக்கொண்டிருந்தது. அப்பா வலியில் பல்லைக் கடிக்கும்போதும் மேலே கையைக் காட்டி "அவர் பாத்துப்பார்" என்பாள். தினமும் மத்தியானம் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பிரார்த்தனை செய்வதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருந்தாள். மகள் வேலைக்குப் போனபின் மாத்திரைக்குப் பதில் அதுதான் நடந்ததோ? கடைசிப் பதினொரு டிக்கும் கோணல் மாணலாக இருந்தன. பொய் எழுதும் கை நடுங்கத்தானே செய்யும்?

அதுவும் யார் வீட்டில்! அப்பா லிஃப்ட் மெக்கானிக். கயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் பரிசோதனை அட்டையில் ஒரு டிக்கும் போட்டதில்லை. "டிக் இருந்தா ஏறு. இல்லன்னா படி எங்கயும் ஓடிப்போகல" என்பார். இன்றும் உள்ளே தொங்கும் அட்டையைப் பார்க்காமல் அவள் லிஃப்டில் ஏறமாட்டாள்.

அம்மா டம்ளர் கழுவ வந்தாள்.

"அம்மா, மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தேனே."

"இதுல பதினொண்ணு இருக்கு."

அம்மா குழாயை மூடினாள். "அவரால முழுங்க முடியலம்மா. கரைச்சு ஊத்தினாலும் புரையேறுச்சு. டாக்டரைக் கேட்டேன். நிறுத்திடுங்க, வலிக்கு ஊசி போதும்னார்."

"டாக்டர் சொன்னாரா, உன் கடவுள் சொன்னாரா?"

அம்மா கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். டாக்டரின் கையெழுத்து. மகள் அதிலிருந்த தேதியிலிருந்து கடைசி டிக் வரை விரல் விட்டு எண்ணினாள். பதினொரு நாள்.

"சரி. அப்புறம் டிக் எதுக்கு? யாரை ஏமாத்த?"

"நான் போடல. நல்லா பாரு."

கிட்டே போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு டிக்கின் வாலும் கட்டத்தைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. எத்தனையோ லிஃப்டுகளில் பார்த்த வால்.

"நீ வேலை விட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம அங்கதான் பாப்ப. டிக் இருந்தாத்தான் உனக்குச் சோறு இறங்கும். 'அதை எடுத்துட்டு வா, பேனா குடு'ன்னார். நான் அட்டையைப் பிடிச்சுக்கிட்டேன்."

"அப்பாவா? பொய் டிக்கா?"

"நானும் அதையேதான் கேட்டேன். சிரிச்சார்."

மகள் கடைசி டிக்கின் வாலை விரலால் தடவினாள். பிறகு, "உனக்கு உன் கடவுள் மேல கோபமே வரலையா?" என்றாள். கண் விட்டத்தைப் பார்த்தது.

"வராம? மத்தியானம் கதவைச் சாத்திட்டு என்ன பண்ணினேன்னு நினைக்கற? திட்டித் தீர்த்தேன். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை பதில் இல்ல." அம்மா ஈர டம்ளரைத் துடைத்தாள். "ஆனா எழுந்தும் போகல. பக்கத்துலயேதான் உக்காந்திருந்தார். எப்படித் தெரியும்னு மட்டும் கேட்டுடாத."

அவள் கேட்க வாயெடுத்தது அதைத்தான்.

வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையாததால் நாலு பேர் படி வழியே இறக்கினார்கள். "பாத்து, திருப்பத்துல பாத்து" என்று மாமாவின் குரல் மாடி மாடியாகக் கீழே போனது.

அம்மாவின் முழங்காலுக்குப் படி ஆகாது. லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் ஏறிக் கையை நீட்டினாள். பரிசோதனை அட்டை அவள் தலைக்குப் பின்னால் தொங்கியது. மகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சற்று நகர்ந்து நின்றாள்.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், அட்டைப் பக்கம் திரும்பாமல் கதவைப் பார்த்து நின்றாள். கை இன்னும் ஈரமாக இருந்தது.