மூன்றாம் ஜாடி மணல்

போர்ட் அனபெல் கடற்கரையில் புதுமணல் கொட்டி முடித்த மறுநாள் காலை, எழுநூற்றுச் சொச்சம் காலடிகள் கடலுக்குள்ளிருந்து கரையேறி வந்திருந்தன. நடந்தவர் ஒருவரும் இல்லை. முதலில் பார்த்தவர், தினமும் டிராக்டரால் மணலைச் சீவிவிடும் டுவேன். அவற்றின் மேலேயே ஓட்டிச் சீவினார். வண்டியைத் திருப்பியபோது அதே இடத்தில் அதே காலடிகள் இருந்தன, சின்னதும் பெரியதுமாக, எல்லாம் வெறுங்கால். நகராட்சிக்குப் போன் போட்டு, "சார், நல்ல கூட்டம் வந்திருக்கு, ஆளுங்கதான் இல்ல" என்றார். ஃப்ளோரிடாவில் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. கூட்டம் என்றதும் அதிகாரி முதலில் சந்தோஷப்பட்டார்.

தப்பு எங்கள் சுற்றுலா ஆலோசனைக் குழுவினுடையது. ஒன்பது பேர், சம்பளம் கிடையாது, ஓட்டல்காரர்களும் படகுக்காரர்களும்தான். மாதத்தில் மூன்றாவது செவ்வாய் கூடி நகரமன்றத்துக்கு யோசனை சொல்வார்கள். மன்றம் கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். அலை தின்று கரை பாதியாகிவிட்டதால், கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கொட்டுவது என்று முடிவானபோது, மூன்று இடத்து மணலை மூன்று ஜாடிகளில் மேசைமேல் வைத்தார்கள். விளம்பரப் படத்தில் இருக்கிற வெள்ளையோடு பொருந்துவது எது என்பதுதான் கேள்வி. எல்லோரும் மூன்றாம் ஜாடிக்குக் கை தூக்கினார்கள். அது எந்த இடத்து மணல் என்று ஒருவரும் கேட்கவில்லை. குழுவின் ஒரே கறுப்பினப் பெண்ணான வெர்லீன் கேட்ஸ்டனும் கேட்கவில்லை. அந்த வெட்கம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை.

முகத்துவாரத்துக்கு வடக்கே இருந்த கறுப்பர் கடற்கரையின் மணல் அது. பெரிய கடற்கரையில் அவர்கள் கால் வைக்கக் கூடாது என்று கயிறு கட்டியிருந்த காலத்தில், போனால் போகிறதென்று ஒரு மைல் கரையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பிறகு பெரிய கடற்கரையைக் காப்பாற்ற, கடலுக்குள் நீளமாக ஒரு கல் அணை போட்டார்கள். அதனால் வடக்கே மணல் வரத்து நின்று, சில வருஷத்தில் அந்தக் கரை முழுவதும் கடலுக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பந்து ஆடியவர்களும், மீன் பொரித்தவர்களும், பிள்ளைகளைத் துரத்தியவர்களும் அந்த மணலில்தான் நடந்தார்கள். அதைத்தான் ஐம்பது வருஷம் கழித்து நாங்கள் குழாய் போட்டு உறிஞ்சிக் கொண்டுவந்து பெரிய ஓட்டல்களின் வாசலில் கொட்டினோம்.

காலடிகள் ஒரு வாரம் புதுமணலும் பழைய மணலும் சேர்கிற கோட்டில் நின்றன, விரல்கள் ஊரைப் பார்த்தபடி. எட்டாம் நாள் ஒன்று தாண்டியது, பின்னாலேயே மற்றவையும் தாண்டின. நிறத்தைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று நாட்டில் சட்டம் வந்து எத்தனையோ வருஷமாயிற்று. அந்தச் சேதி அவர்களுக்கு எட்டுவதற்கு அவ்வளவு நாளாகியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காலடிகள் ஐஸ்கிரீம் கடைக்குப் போயின, ராட்டினத்தைச் சுற்றின, ஓட்டல் வரவேற்பறைகளில் ஈரத்தடம் வைத்தன. வேலைக்காரர்கள் துடைத்து அலுத்தார்கள். ஒரு மாதத்தில் ஊருக்குப் பழகிவிட்டது.

ஒரு ஜோடிக் கால் மட்டும் தாண்டவில்லை. வலது காலில் சுண்டுவிரல் கிடையாது. ஒரே இடத்தில் நின்று நின்று நாளுக்கு நாள் ஆழமாகி, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமானது. வெயிலில்கூட உள்ளே தண்ணீர் பனி மாதிரிச் சில்லிட்டுக் கிடந்தது. அதில் தெரியாமல் கால் விட்ட, சுற்றுலா வந்த ஓஹையோக்காரர் ஒருவர், அன்று முழுக்கக் காரணம் தெரியாமல் அழுதார்.

அந்தக் கால்தடத்தை வெர்லீன் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டார். அது அவருடைய அண்ணன் என்னிஸ். அறுபத்து மூன்றாம் வருஷக் கோடையில், பத்தொன்பது வயதில், பெரிய கடற்கரைக்குப் போனவனைக் கயிற்றடியில் போலீஸ் திருப்பி அனுப்பியது. அவன் அணையைச் சுற்றி நீந்திப் போகப் பார்த்தான். உடல் கிடைக்கவில்லை. வெர்லீன் தன்னுடைய பதினோரு அறை மோட்டலில் ஏழாம் எண் அறையைப் பெருக்கி, புது விரிப்புப் போட்டு வைத்துவிட்டு, தினமும் பள்ளத்தருகே போய் உட்கார்ந்தார். "வாடா. எல்லாரும் வந்துட்டாங்க. உனக்கு மட்டும் என்ன பிடிவாதம்?" என்று கெஞ்சினார். கால் அசையவில்லை.

அதற்குள் இரண்டாம் கட்ட மணல் வருவதாக இருந்தது, அந்த இடத்தில் ஆறடி உயரத்துக்கு. அதை ஆதரிப்பதா என்பது செவ்வாய்க்கிழமைக் குழுக் கூட்டத்தில் ஐந்தாவது பொருள். ஆறாவது பொருள், ஆணை நேசிக்கிற ஆண், பெண்ணை நேசிக்கிற பெண் என்று யாருக்கும் அறையோ வேலையோ வீடோ மறுக்கக் கூடாது என்ற நகரச் சட்டம். மன்றத்தில் இரண்டு முறை தோற்றது. வெர்லீன் எதிர்ப்பதாக இருந்தார். அவருடைய போதகர் அப்படித்தான் சொல்லியிருந்தார், நமக்கெதற்கு வம்பு என்று அவரும் நினைத்தார். தலைவர் வெண்டெல் டாகெட்டும் எதிர்ப்புதான். எழுபத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவர், மூன்று ஓட்டல்களுக்குச் சொந்தக்காரர், கயிறு கட்டியவரின் மகன். "நமக்கு மணல் போதும்ங்க, மத்தது மன்றத்தோட தலைவலி" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

ஐந்தாவது பொருள் வந்ததும் வெர்லீன் தன் நாற்காலியை விட்டு எழுந்து, பொதுமக்கள் பேசுகிற மைக்கின் முன் போய் நின்றார். அங்கே மூன்று நிமிஷம்தான், பிறகு சிவப்பு விளக்கு எரியும். டுவேனிடம் சொல்லிச் சுண்ணாம்புக் கலவை ஊற்றி எடுத்த பாதத்தின் அச்சை மேசையில் வைத்தார்.

"மிஸ்டர் டாகெட், இது எங்க அண்ணன் கால். சின்ன வயசுல சிப்பி அறுத்து விரல் போச்சு. அவன் கோட்டைத் தாண்டறவரைக்கும் அந்த இடத்துல மணல் கொட்டாதீங்க. ரெண்டாந்தரம் அவனைப் புதைக்க வேணாம். அவ்வளவுதான் கேக்கிறேன்."

வெண்டெல் அச்சைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தும் நேரமாயிற்று என்று சொல்லவில்லை.

"சிப்பி இல்ல, மிஸ் வெர்லீன்" என்றார். "எங்கப்பா படகுல நங்கூரச் சங்கிலி. நான்தான் சட்டையைக் கிழிச்சுக் கட்டினேன்."

"அவன் உங்க படகுல எதுக்கு ஏறினான்?"

"நான் கூப்பிட்டேன். எப்பவும் நான்தான் கூப்பிடுவேன். அன்னைக்கும் அணைக்கு இந்தப் பக்கம் பாறைமேல உக்காந்து, நீந்தி வந்துடுன்னு கை காட்டினேன். ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தேன். இத்தனை வருஷம் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அவன்மேல எனக்கு உயிர்."

வெர்லீன் பாதத்தின் அச்சை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"அதான் தாண்டாம நிக்கிறானா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

பள்ளத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மணல் கொட்டலாம் என்று முடிவாயிற்று. ஆறாவது பொருளில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள், மூன்று பேர் வேண்டும் என்றார்கள். வெர்லீன் வேண்டும் என்றார். தலைவர் கடைசியில் வாக்களிப்பது வழக்கம். வெண்டெல் வேண்டும் என்றார். அடுத்த ஞாயிறு போதகர் வெர்லீனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை; அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரியில் மன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. மறுநாள் பள்ளம் தூர்ந்திருந்தது. சுண்டுவிரல் இல்லாத ஈரத்தடம் கோட்டைத் தாண்டி, கடற்கரைச் சாலையைக் கடந்து, வெர்லீனின் மோட்டல் பக்கம் வந்தது. அவர் ஏழாம் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தடம் வாசலில் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு திரும்பி ஆறு தெரு தள்ளி வெண்டெலின் வீட்டுப் படியேறி உள்ளே போனது. ஒரே தாய் வயிற்றில் கூடப் பிறந்தவளை விட்டுவிட்டுப் போகிறான் பார் என்று வெர்லீன் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் பொரித்த மீனும் சோளக் கஞ்சியும் எடுத்துக்கொண்டு அங்கே போனார். வெண்டெல் முழங்காலிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணனுக்கு வாசல்ல கால் துடைச்சுட்டு வர்ற பழக்கமே கிடையாதா?" என்றார்.

"எங்கம்மா தொண்டை கிழியக் கத்திப் பாத்தாங்க. கேட்டாத்தானே."

வெர்லீன் அலமாரியைத் திறந்து தட்டுகளை எடுத்தார். மேசையில் மூன்று வைத்தார். மூன்றாவது நாற்காலியின் அடியில் தரை ஈரமாக இருந்ததால், ஒரு பழைய துண்டை மடித்து அங்கே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.