தனுஷா அனுப்பிய பாஸ்

ஆறு வருடங்களுக்கு முன்பு அம்சவள்ளியும் தனுஷாவும் கள்ளக்குறிச்சியில் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தார்கள். அம்சவள்ளிதான் முதல் பாடகி. தனுஷா பின்னால் நின்று கோரஸ் பாடுவாள். ராக் இசைக்குழு ஒன்றுக்குப் பாடகி தேடிச் சென்னையிலிருந்து வந்தவர்கள்கூட முதலில் கேட்டது அம்சவள்ளியைத்தான்.

"கத்திக்கினு கெடக்கிறதெல்லாம் பாட்டா? நீ வேணா போய்ப் பாரு" என்று தனுஷாவைக் கைகாட்டிவிட்டாள்.

இன்று தனுஷா பாடும் அந்த ராக் குழுவைத் தெரியாத காலேஜ் பிள்ளைகள் இல்லை. அம்சவள்ளி துணிக்கடையில் புடவை விரித்துக்கொண்டிருக்கிறாள்.

சென்னையில் ஓர் அரங்கில் அந்தக் குழுவின் கச்சேரி. 'கட்டாயம் வாக்கா' என்று தனுஷா இரண்டு பாஸ் அனுப்பியிருந்தாள். போகக்கூடாது என்று நினைத்த அம்சவள்ளி, தனுஷா எங்கே சறுக்குகிறாள் என்று பார்க்கவாவது போக வேண்டும் எனக் கணவன் ராசுவோடு கிளம்பினாள்.

இரண்டாவது வரிசையில் இடம். கிடார் அதிர, தனுஷா மேடைக்கு வந்ததும் அரங்கமே எழுந்து கூவியது. ராசுவும் எழுந்தான்.

"உக்காருய்யா!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

நான்காவது பாட்டின் உச்சத்தில் தனுஷாவின் குரல் உடைந்தது. அம்சவள்ளிக்கு நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் தனுஷா சிரித்தபடி மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். ஆயிரம் பேர் அந்த வரியைப் பாடி முடித்தார்கள். அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் பாட்டை நிறுத்தி அழுதிருப்போம் என்று அம்சவள்ளிக்குத் தெரியும். அந்தக் குளுமை அதோடு போயிற்று.

கச்சேரி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் தனுஷா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"எப்பிடிக்கா இருந்துச்சி?"

"நாலாவது பாட்டுல சுருதி போச்சே."

ராசு தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாக்கா. நீ பாடியிருந்தா போயிருக்காது. அந்த எடத்துல எனக்கு எப்பவுமே பயம்." தனுஷா அவள் கையை விடவில்லை. "அடுத்து ரெக்கார்டு பண்ற பாட்டுல ரெண்டு கொரல் வேணும். வர்றியாக்கா?"

இத்தனை பேர் கைதட்டலுக்குப் பிறகும் அவளால் இப்படிச் சொல்ல முடிகிறதே என்றுதான் அம்சவள்ளிக்கு எரிந்தது.

"கடையில லீவு குடுக்க மாட்டாங்க" என்றாள்.

ஊர் திரும்பி நான்கு நாள் எல்லாரிடமும் எரிந்து விழுந்தாள். ஐந்தாம் நாள் காலையில் ராசு கேட்டான்: "இன்னாடி ஆச்சி உனுக்கு? பாட ஆசயா இல்லியா?"

"ஆசதான். அவ பக்கத்துல நின்னுக்கினு பாடணுமே."

"அப்ப உன் பின்னாடி அவ நிக்கலியா?"

அன்று கடையில் லீவு கேட்டாள். கிடைத்தது. தனுஷாவுக்குப் போன் செய்து, "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டாள். மறுமுனையில் அவள் சந்தோஷத்தில் கத்தியது காதைத் துளைத்தது.

பொறாமை குறைந்தபாடில்லை. அதையும் சுமந்துகொண்டுதான் திங்கட்கிழமை சென்னை பஸ் ஏறினாள்.