ஏழு பேர்

பட்டியலில் பதினோரு பேர். வேனில் ஏறியது ஏழு பேர். மிச்ச நாலு பேருடைய போனும் சுவிட்ச் ஆஃப். பனியன் கம்பெனிகளில் ஏற்றுமதிக் கன்டெய்னர் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை, டபுள் சம்பளம். எந்தக் கம்பெனி விடும்?

கிருத்திகாவுக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. நாலு வருசமாக ஒரு பெண்கள் கல்லூரியில் ஒப்பந்தத்தில் புட்பால் கோச். சாயங்காலப் பயிற்சிக்கு வராமல் பாதி ஷிப்டுக்கு ஓடிய பிள்ளைகளுக்கெல்லாம் வந்ததாகக் கையெழுத்துப் போட்டவள் அவளேதான். ஷிப்டுக்குப் போகாவிட்டால் வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள். அவள் வீட்டிலும் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவள்தான். இதையெல்லாம் யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. பந்தா ஷிப்டா என்று வந்தால் ஷிப்டு என்று பழக்கிவிட்டதும் அவளே.

போன வாரம் பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "ஒரு மேட்ச்சாவது முழுசா ஆடிட்டு வாங்க. தோத்தாலும் சரி. இல்லீன்னா அடுத்த வருசம் புட்பாலே வேண்டாமுங்க, த்ரோபால் போதும்."

புட்பால் போனால் அவள் வேலை போகும். அவளோடு, விளையாட்டுக் கோட்டாவில் ஃபீஸ் கட்டாமல் படிக்கிற பதினோரு பிள்ளைகளும் போவார்கள்.

ஏழு பேர் இருந்தால் ஆடலாம் என்பது விதி. ஆறாகிவிட்டால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

மைதானத்தில் இறங்கியதும் எதிரணிக் கோச் ஞானசம்பந்தம் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங் மேடம், மிச்சப் பேரு ரயில்ல வராங்களாக்கு?"

"ஆமாங்க. வடக்க இருந்து வர்ற ரயிலு, லேட்டாம். அதுவரைக்கும் உங்க கோல்கீப்பரக் குடுங்க, அவங்களுக்கு இன்னிக்கு வேலையிருக்காது."

அவர் சிரித்துவிட்டார். "தோத்துட்டோம்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க. வெயிலாச்சும் மிச்சம்."

பாதி ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியிருந்தார்கள். "அவங்களுக்கே எண்ணி முடியலீங்க மேடம்," என்றாள் கேப்டன் ஷாஹிதா, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள். தோற்பது பற்றி யாருக்கும் கவலையில்லை. முடித்தால் போதும்.

இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கும்போது இக்ரா விழுந்தாள். பந்துக்காகக்கூட இல்லை, குழியில் கால் பிசகிவிட்டது. கிருத்திகா ஓடினாள். கணுக்கால் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது.

"எந்திரிக்க முடியுதா கண்ணு?"

"ஊனவே முடியலீங்க மேடம்."

"ஓட வேண்டாம். பந்தத் தொட வேண்டாம். கோட்டோரமா சும்மா நில்லு. பதினஞ்சே நிமிசம்."

இக்ரா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. "எங்க லைன் சூப்பர்வைசரும் இப்புடித்தாங்க சொல்லுவாரு."

பக்கத்தில் குனிந்திருந்த ஷாஹிதா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வா, போலாம் என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். கிருத்திகாவின் வாய்வரைக்கும் அது வந்தது. கூடவே பதினோரு ஃபீஸ் ரசீதும் வந்தது, தன் வீட்டு வாடகையும் வந்தது. எது முந்தியதென்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

"நில்லு," என்றாள்.

"முடியுமாம்மா?" என்றார் ரெஃப்ரி.

"முடியுமுங்க சார்." பதில் சொன்னது இக்ராதான்.

ஒற்றைக்காலில் நின்றாள். பந்து அந்தப் பக்கம் உருண்டபோதெல்லாம் துரத்தி வந்த பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஞானசம்பந்தம் தன் பிள்ளைகளைப் பார்த்து, "அந்தப் பக்கம் போவாதீங்க சாமி, இந்தப் பக்கமே ஆடுங்க," என்று கத்தினார். அவர் கேலி பேசியிருந்தால் கிருத்திகா தாங்கியிருப்பாள்.

விசில் ஊதியபோது பதினொன்றுக்கு பூஜ்ஜியம். ஆறு பேர் ஜெயித்த மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இக்ரா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மேடம், இப்ப வெளிய வரலாங்களா?"

கிருத்திகா அவளைத் தூக்கி வந்து உட்காரவைத்து, காலை மடியில் எடுத்துவைத்து ஷூவைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தபோது இக்ரா பல்லைக் கடித்தாள், சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் வலி தாங்க எங்கே பழகினாளோ.

ரெஃப்ரி ஆட்ட அறிக்கைத் தாளை நீட்டினார். காயம் ஏதும் உண்டா என்று அதில் ஒரு கட்டம். உண்டு என்று எழுதினால் பெற்றோரைக் கூப்பிடுவார்கள், விசாரணை வைப்பார்கள்; புட்பாலை மூடுவதற்குப் பிரின்சிபாலுக்கு வேறு காரணமே வேண்டியதில்லை.

இல்லை என்று எழுதினாள். ரெஃப்ரி அதைப் படித்தார், வீங்கிய காலையும் பார்த்தார், தாளின் கீழே காலியாக இருந்த கோட்டைக் காட்டினார்.

மடியில் கிடந்த கால் அசைந்துவிடாமல், கவனமாகக் கையெழுத்துப் போட்டாள்.