குழாயில் புகுந்த காற்று

தையல் கடை நடத்தும் அண்ணிக்கும் அவள் நாத்தனாருக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போடவாவது பேச வேண்டுமே. நாத்தனாருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். மருந்து விற்பனைக்காக ஊர் ஊராகத் தனியே கார் ஓட்டித் திரிந்தவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வீட்டைக் காலி செய்துவிட்டு, அந்தக் காரோடு அண்ணன் வீட்டில் வந்து சேர்ந்தாள். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அண்ணனுக்கு ஆலையில் பகல் வேலை. கூட்டிப்போய்க் கூட்டிவருவது அண்ணியின் தலையில் விழுந்தது.

போகும்போதாவது பாப்பா இரண்டு வார்த்தை பேசுவாள். திரும்பும்போது சால்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டால் வீடு வரும்வரை வாய் திறக்க மாட்டாள். ஏதாவது கேட்டால் ஒரு தலையசைப்பு. தன் காரை இன்னொருத்தி ஓட்டுவது பொறுக்கவில்லை என்று அண்ணி முடிவு கட்டிவிட்டாள்.

“உங்க தங்கச்சிக்கு நான் சம்பளமில்லாத டிரைவர்” என்று புருஷனிடம் சொல்லியும் பார்த்தாள். அவன் வழக்கம்போலக் காதில் வாங்கவில்லை.

பாப்பா வந்த புதிதிலேயே, குளிர்காலம் தொடங்கும்போது, இன்ஜினுக்குக் கூலன்ட் தண்ணீர் போகும் ஓஸ் ஒன்று ஒழுகி, ஒர்க்‌ஷாப்பில் மாற்றிக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்றுதான் வந்தது. டாஷ்போர்டையே கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், இப்போது கை நிறைய வேலை, அடுத்த மாதம் வாருங்கள் என்றான் மெக்கானிக்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாப்பா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“அண்ணி, டாஷ்போர்டுக்குப் பின்னால களக் களக்குன்னு தண்ணி ஓடுற சத்தம் கேக்குதா?”

“அது ரொம்ப நாளா கேக்குது. வண்டிக்கும் வயசாவுது இல்ல.”

“காத்து புகுந்திருக்கும். என் மெஷின்லயும் அப்படித்தான். குழாயில ஒரு குமிழி வந்தாப் போதும், கத்திக்கிட்டே நின்னுடும். நர்ஸ் வந்து குழாயத் தட்டித் தட்டி அத வெளியேத்தினாத்தான் மறுபடி ஓடும்.”

அவளை உள்ளே விட்டுவிட்டு, அண்ணி வெளியே நின்று மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். பாப்பா சொன்னதை அவனிடம் சொன்னாள்.

“இருக்கும்க்கா. அன்னிக்கு அவசரத்துல கூலன்ட்ட ஊத்தி மூடிட்டேன். காத்த எடுக்கல. அது அடைச்சிருந்தா சுடுதண்ணி ஹீட்டருக்குப் போகாது” என்றான். என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொல்லியும் கொடுத்தான். “ஆனா இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். சூட்டுல மூடியத் திறந்தீங்க, மூஞ்சி வெந்துடும்.”

மறுநாள் ஆஸ்பத்திரி கிடையாது. வீட்டுக்கு எதிரே சாலை மேடேறும் இடத்தில் காரின் முகம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள் அண்ணி. ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டை நிரப்பினாள்.

“பாப்பா, ஒரு ஆள் உள்ள உக்காந்து ஆக்ஸிலேட்டர மிதிக்கணும்.”

பாப்பா ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அண்ணன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததில்லை. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினைப் போட்டாள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து வெடித்தன. அண்ணி தடித்த ஓஸை விரல்களால் அமுக்கி அமுக்கி விட்டாள். வெகுநேரம் அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. இது நம்மால் ஆகிற காரியமில்லை என்று அவளுக்குத் தோன்றத் தொடங்கியபோது, ரேடியேட்டர் பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. கூலன்ட் சரசரவென்று கீழே இறங்கியது. அவள் பதறி, கேனைத் தூக்கி ஊற்றினாள்.

“அண்ணி, இங்க வாங்களேன்.”

துணியைச் சுற்றி மூடியை இறுக்கிவிட்டு அண்ணி உள்ளே ஏறினாள். காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தாள். சுட்டது. இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இது மட்டும் இருந்திருந்தா திரும்பி வர்றப்ப நானும் மனுஷி மாதிரி பேசிக்கிட்டு வந்திருப்பேன்” என்றாள் பாப்பா.

“பேசறதுக்கு ஹீட்டர் எதுக்கு?”

“ரத்தம் பூரா வெளிய போய்ச் சுத்திட்டு வருதில்ல, உடம்பு ஐஸா கெடக்கும். பல்லு தந்தியடிக்கும். வாயத் திறந்தா நாக்கக் கடிச்சுக்குவேன்.”

“சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?”

“கடையப் பூட்டிட்டு எனக்காக வர்றீங்க. அதுல குறை வேற சொல்லணுமா?”

இத்தனை நாள் மனசுக்குள் இவளுக்குக் கொம்பு முளைக்க வைத்து, அந்தக் கொம்போடு சண்டையும் போட்டதை நினைத்தபோது அண்ணிக்கு முகம் சூடாயிற்று. அதற்கு ஹீட்டர் காரணமில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது சால்வை பாப்பாவின் மடியில் கிடந்தது. நர்ஸ்களைப் பற்றியும், அண்ணி கியர் மாற்றும் அழகைப் பற்றியும் ஓயாமல் பேசினாள். பிறகு ஒரு சிக்னலில் நின்றபோது, “பக்கத்துக் கட்டில்ல ஒரு வாத்தியார் வருவாரு. இந்த வாரம் பூரா வரல” என்றாள்.

“என்னாச்சாம்?”

“யாரும் சொல்லல. நானும் கேக்கல.”

பச்சை விளக்கு விழுந்தது. வீட்டுக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். அண்ணி நேராக விட்டாள்.

“எங்க போறீங்க?”

“சும்மாதான், ஒரு சுத்து சுத்திட்டுப் போவோம். அந்த வாத்தியாரப் பத்திச் சொல்லு.”